சேர்வராயன் மலையும் ஒப்புரவும்: கிறிஸ்துமஸ் ஆயத்தத்தின் வரலாறு

முறிந்த உறவு மீண்டும் பொருந்துவதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'ஒப்புரவு' என்பர். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தில் இச்சொல் கோயில்களில் அதிகம் கேட்கும். வீட்டை வெள்ளையடிப்பதும் புத்தாடை எடுப்பதும் பலகாரம் சுடுவதும் வெளி ஆயத்தம். பேசாதிருக்கும் அண்ணன் தம்பி பேசிக்கொள்வது உள் ஆயத்தம்.

ஏற்காட்டுப் பின்னணி

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது ஏற்காடு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டக்காரர்களின் பின்னே கோயில்களும் பள்ளிகளும் வந்தன. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் திரு இருதயப் பள்ளியையும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் மான்போர்ட் பள்ளியையும் தொடங்கினர். இரண்டும் விடுதியுடன் கூடியவை. பெற்றோரைப் பிரிந்து மலையில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் வீடு திரும்புதல்தான்.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்களுள் ஒருவரான பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில் காலமானார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழாக்கப் பணியை நடத்தியவர் இவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளையும் தொகுத்து வெளியிட்டார். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் இவருடைய மருமகன். அவரும் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார்.

சொல்லின் பயணம்

ஒப்புரவு பழைய சொல். திருக்குறளின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. அங்கே அது ஊரோடு பொருந்தி வாழ்ந்து, பிறருக்கு உதவும் பண்பைக் குறிக்கிறது. தமிழ் விவிலியத்தில் இச்சொல் பகை நீங்கி இணைவதைக் குறிக்கலாயிற்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், ஒப்புரவாக்குவதைத் திருச்சபைக்குத் தரப்பட்ட ஊழியமாகவே காட்டுகிறது. ஆகவே குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்க ஆயர் வீடு தேடிப் போவது அவருடைய ஊழியத்தின் பகுதியே.

வழிபாட்டில் ஒப்புரவு

கத்தோலிக்கத் திருப்பலியில் டிசம்பர் 23 அன்று மலாக்கி நூலிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது. தந்தையர் மனம் பிள்ளைகளிடமும், பிள்ளைகள் மனம் தந்தையரிடமும் திரும்பும் என்பது அதன் கருத்து. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு இந்த வாசகம் வருவது பொருத்தமானது. பிறப்புக் கதையும் உடையவிருந்த ஒரு குடும்பத்தில்தான் தொடங்குகிறது: மத்தேயு நற்செய்தியின்படி யோசேப்பு மரியாளை மறைவாக விலக்கிவிட எண்ணி, பிறகு ஏற்றுக்கொள்கிறார். பாவசங்கீர்த்தனம் என்று வழங்கிய அருட்சாதனத்துக்கு 1973இல் புதிய சடங்குமுறை வந்தது. இப்போது அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம்.

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் முன்பே சேர்ந்து அமைத்திருந்த ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயமும் இத்திருச்சபையைச் சேர்ந்ததே. 1950இல் வந்த அதன் நற்கருணை வழிபாட்டு முறை, கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தை ஒட்டி, சமாதானம் பகிர்தலைச் சேர்த்தது. குருவிடம் தொடங்கி, ஒருவர் கைகளை அடுத்தவர் கைகளில் வைத்துச் சபை முழுவதும் சமாதானம் கடத்தப்படும். அதன் பிறகே காணிக்கை. மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்லும் வரிசையும் இதுவே: முதலில் சகோதரனோடு ஒப்புரவு, பிறகு காணிக்கை.

எல்லை எது?

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்தேயுவில் எழுந்து போகும்படி சொல்லப்படுபவர், பிறருக்குத் தன்மேல் மனக்குறை இருப்பதை நினைவுகூர்பவர். அதாவது முதல் அடி எடுத்து வைக்க வேண்டியவர் தவறு செய்தவரே. நடைமுறையிலோ பல வீடுகளில் அடிபட்ட பெண்ணிடம்தான், பண்டிகை நாள் பார்த்துப் பொறுத்துப் போ என்கிறார்கள். அது ஒப்புரவு ஆகாது.

நாட்டின் சட்டமும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் வழக்கை நடத்துமுன் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்குப் பாதுகாப்பு ஆணையும் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

சொத்துத் தகராறோ, பிள்ளை விரும்பிச் செய்த திருமணமோ, சொல்லிவிட்ட ஒரு வார்த்தையோ காரணமாக ஆண்டுக்கணக்கில் மூடிய கதவுகள் உண்டு. டிசம்பரில் கேரல் குழு எல்லார் வீட்டு வாசலுக்கும் போய்ப் பாடுகிறது. அந்தக் கூட்டத்தில் நின்றபடியே பேசாத உறவினர் வீட்டுக்குள் நுழைய ஒரு வழி கிடைக்கிறது. தவறு செய்தவர் அந்த வழியைப் பயன்படுத்தினால், மலையில் குளிர் ஏறும் அந்த மாதத்தில் ஆயத்தம் நிறைவாகிறது.