அறுபது நொடியில் பேசுவது யார்? கலிஃபோர்னியப் பள்ளி மாணவர்களின் மனநலக் குறும்படங்களை விதித்தாளோடு வைத்து ஒரு வாசிப்பு

பதின்பருவத்தினர் மனநலம் பற்றி எடுக்கும் குறும்படங்களை வாக்குமூலங்களாக வாசிப்பது ஆய்வுலகில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. கேமராவைக் கையில் கொடுத்தால் இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள், அதைப் பார்க்கும் சக மாணவர்களிடம் மனநோய் பற்றிய களங்க உணர்வு குறையும் என்பது அந்த வாசிப்பின் சாரம். எதிர்த்தரப்பு ஒன்றும் உண்டு. பெரியவர்கள் வகுத்துக் கொடுத்ததை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள், கேமராவைப் பிடித்த கை மட்டுமே அவர்களுடையது என்கிறது அது. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று மறுத்தாலும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன: படத்தில் துன்பப்படும் பாத்திரமே படத்தின் மையம், களங்கம் அவரைச் சுற்றியே இருக்கிறது. இந்த எடுகோளைத்தான் இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது.

எடுத்துக்கொண்ட களம் கலிஃபோர்னியாவில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ‘டைரக்டிங் சேஞ்ச்’ குறும்படப் போட்டி. 2004இல் அம்மாநில வாக்காளர்கள் ஏற்ற 63ஆம் முன்மொழிவு, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது 1 விழுக்காடு வரி விதித்து, அதை மனநலப் பணிகளுக்கு ஒதுக்கியது. அந்த நிதியில் வளர்ந்த போட்டி இது. படத்தின் நீளம் 60 நொடி. தற்கொலைத் தடுப்பும் மனநலமும் முதன்மைப் பிரிவுகள். பண்பாட்டுப் பார்வைக்கென்றும் ஒரு பிரிவு இருக்கிறது.

முந்தைய ஆய்வுகள் படங்களை மேலே வைத்து, போட்டியின் விதித்தாளைப் பின்னிணைப்புக்குத் தள்ளின. நான் விதித்தாளையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். அதன் தடைகள் துறையினர் அறிந்தவை. தற்கொலை முயற்சியைக் காட்டக் கூடாது. மனநோய் உள்ளவரை இழிவுபடுத்தும் சொற்கள் கூடாது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்கக் கூடாது. ஊடகங்களுக்கான பாதுகாப்பு நெறிகளிலிருந்து வந்தவை இவை. மிகை எச்சரிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2017இல் வெளியான ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ தொடரின் சர்ச்சைக்குரிய தற்கொலைக் காட்சியை நெட்ஃபிளிக்ஸ் 2019இல்தான் நீக்கியது. தொழில்முறைக் கலைஞர்களுக்கே இரண்டாண்டு பிடித்தது.

ஒப்பித்தல் என்று குற்றம் சாட்டுபவர்கள் இந்தத் தடைகளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் விதித்தாளுக்குப் பின்னணியாக இருப்பது ‘நோ த சைன்ஸ்’ என்ற மாநிலம் தழுவிய பிரசாரம். அறிகுறிகளைத் தெரிந்துகொள், பேசச் சொற்களைத் தேடிக்கொள், உதவிக்குப் போ என்று மூன்று படிகளை அது வகுக்கிறது. இம்மூன்றும் யாருக்குச் சொல்லப்படுகின்றன? துன்பப்படுபவருக்கு அல்ல, அவர் பக்கத்தில் இருப்பவருக்கு. முந்தைய வாசிப்புகள் இரண்டும் இந்த விலாசத்தைக் கவனிக்கவில்லை.

விலாசம் மாறினால் படமும் மாறித் தெரிகிறது. ஒரு வகைமாதிரியைப் பார்ப்போம். பள்ளி நடைவழியில் லாக்கர்களை ஒட்டி ஒரு மாணவி நடக்கிறாள். பின்னணிக் குரல் அவளுடையது. மதிய உணவு மேசையில் தனியே உட்கார்ந்திருக்கிறாள். கைப்பேசி அதிர, திரையைப் பார்க்காமலே கவிழ்த்து வைக்கிறாள். ஏறத்தாழ நாற்பதாம் நொடியில் தோழி வந்து எதிரே உட்கார்ந்து, “கொஞ்ச நாளா யார்கூடவும் பேசறதில்ல. என்ன ஆச்சு?” என்கிறாள். பிறகு இருவரும் பள்ளி ஆலோசகரின் அறைக்குப் போகிறார்கள். கடைசியில் திரையில் உதவி எண். 2022 ஜூலைக்குப் பிறகு அது 988.

நொடிகளை எண்ணினால் மையம் முதல் மாணவிதான். ஆனால் இப்படத்தில் ஒரு முடிவை எடுப்பவள் தோழி ஒருத்தியே. போவதா வேண்டாமா, கேட்பதா வேண்டாமா என்ற தயக்கம் அவளுடையது; கதையின் திருப்பமும் அதுதான். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ, கேட்டதாலேயே அந்த எண்ணம் வந்துவிடுமோ என்ற அச்சத்தையே படம் கடக்கிறது. இந்த இரண்டாவது அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் கேட்கப்பட்ட மாணவர்களிடம் அந்த எண்ணமோ மன உளைச்சலோ கூடவில்லை. ஆக, இப்படங்கள் கையாளும் களங்கம் நோயுற்றவரின் மேல் ஒட்டியிருப்பது மட்டுமன்று. பக்கத்தில் இருப்பவரின் வாயைக் கட்டிப்போடும் களங்கமும் இருக்கிறது. அதை நாம் போதிய அளவு ஆராயவில்லை.

வாக்குமூல வாசிப்புக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 14 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளிவந்த கோரிகன் குழுவினரின் தொகுப்பாய்வு, பெரியவர்களிடம் களங்கத்தைக் குறைப்பதில் மனநோய் அனுபவம் உள்ளவரை நேரில் சந்திப்பது கற்பித்தலைவிடப் பலன் தந்ததாகக் கண்டது. பதின்பருவத்தினரிடம் கற்பித்தல் முந்தியது. காணொளி வழிச் சந்திப்பு நேர்ச் சந்திப்பைவிட வலுக்குறைந்தது என்பதும் அதில் உண்டு. இவற்றை ஏற்றால், ஒரு நிமிடப் படத்தில் ஒரு துன்பத்தைப் பார்த்ததாலேயே சக மாணவரின் மனம் மாறிவிடும் என்று பெரிதாக எதிர்பார்க்க இடமில்லை. பலன் இருக்குமானால் அதை முதலில் தேட வேண்டிய இடம் படத்தை எடுத்தவர்களிடம்.

அங்கே என்ன நடக்கிறது? முடிந்த படத்தில் அந்தக் கேள்வி ஒரு முறைதான் வரும். படப்பிடிப்பில் அப்படி இருக்காது. ஒலி சரியில்லை, பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள், பள்ளி மணி அடித்துவிட்டது என்று டேக் மேல் டேக் போகும். ஒவ்வொரு டேக்கிலும் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் நண்பனின் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் கேட்கவே கூசும் கேள்வியை வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். சொல் கரடாக இருந்தால் மாற்றுகிறார்கள். குரல் ஆலோசகர் குரல் மாதிரி ஒலித்தால் கலைத்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். எனவே இப்படங்களை ஒத்திகைகளாக வாசிக்கலாம் என்பது என் துணிபு. நிறுவப்பட்ட முடிவு என்று சொல்லவில்லை. விதித்தாளும் படங்களும் சேர்ந்து தாங்கக்கூடிய வாசிப்பு என்கிறேன். ஆனால் மற்ற இரண்டையும்விட இது நன்றாகவே தாங்குகிறது.

பரிசுக்காக எடுப்பதால் உண்மைத்தன்மை கெடுகிறது என்பார்கள். பேச்சுப் போட்டிக்குத் தயாரான மாணவன் பேசக் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் கை வைக்கிறார் என்ற வாதமும் நிற்காது. ஒத்திகை என்றால் ஆசிரியர் இருக்கத்தான் செய்வார்.

தள்ளிவிட முடியாத எதிர்ப்பு ஒன்றுதான். ஒற்றைக் காரணம் கூடாது என்ற விதி அறிவியல்படி சரியானது. ஆனால் பல காரணங்களைச் சொல்ல 60 நொடி போதாது. அதனால் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. மதிப்பெண் நெருக்கடி, வீட்டு வாடகை, பெற்றோரின் குடியுரிமை ஆவணம் எதற்கும் நடைவழியில் இடமில்லை. துன்பம் வானிலை போல வருகிறது. பள்ளி நிர்வாகமோ ஆலோசகர் அறை ஒன்றாக மட்டும், அதுவும் எப்போதும் கதவு திறந்திருக்கும் அறையாக, தலைகாட்டுகிறது. பண்பாட்டுப் பார்வைப் பிரிவு இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. பண்பாட்டுச் சூழலில் வைத்துப் பேச வேண்டியிருப்பதால் அங்கே குடும்பத்தைத் தவிர்க்க முடிவதில்லை. மகளின் சோர்வைச் சோம்பல் என்று நினைக்கும் தாயிடம், ‘மனச்சோர்வு’க்கு நிகரான சொல்லைத் தாய்மொழியில் தேடித் தடுமாறும் மகள் அப்படிப்பட்ட கதைக்கு இயல்பான பாத்திரம். அங்கே கேள்வி கேட்க வேண்டியவர் தோழியல்ல, பெற்றோர். ஒத்திகை பார்க்காதவர்களும் அவர்களே. ஒத்திகை என்ற என் வாசிப்பின் எல்லையும் இங்கேதான். பக்கத்து மேசைத் தோழியைப் பழக்கும் முறை, பள்ளியையும் வீட்டையும் கேள்வி கேட்கப் பழக்குவதில்லை.

முடிந்த படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கதைவரைவுகள், ஒதுக்கிய டேக்குகள், குழு அரட்டையில் வசனத்தை மாற்றிய செய்திகள் மாணவர்களின் கைப்பேசிகளில் இருந்து, கைப்பேசி மாறும்போது போய்விடுபவை. இத்துறையில் அடுத்து இறங்குபவர்கள், உரிய ஒப்புதலோடும் பெயர் மறைப்போடும், அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அவை இல்லாமல் இன்னொரு நூறு படங்களின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடுவதால் பயனில்லை.