அதிபர் விரும்பாத கேள்வி

1954 ஜூலை 7. வாஷிங்டனில் அதிபர் ஐசன்ஹோவரின் செய்தியாளர் சந்திப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த கறுப்பின நிருபர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒரு பெண் எழுந்தார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயில்களிலும் பேருந்துகளிலும் கறுப்பர்களைப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கத்துக்கு எப்போது தடை வரும், அதற்கு அரசு துணை நிற்குமா என்று கேட்டார்.

அதிபரின் குரல் கடுமையானது. நாட்டுக்கு எது நியாயமோ அதையே அரசு செய்யும், எந்தத் தனிப் பிரிவினருக்காகவும் பரிந்து நிற்காது என்ற பொருளில் வெடுக்கென்று பதில் சொன்னார்.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தீர்ப்பு வந்த பின்னும் வழக்கம் போலவே பிரிக்கப்பட்ட இருக்கைகளில் பயணம் செய்துகொண்டிருந்த லட்சக்கணக்கானோர் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர்கள் சார்பில் கேட்டவர் எத்தல் பெய்ன், 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையின் வாஷிங்டன் நிருபர்.

எத்தல் 1911-ல் சிகாகோவில் பிறந்தார். தாத்தா பாட்டி தலைமுறை அடிமைத்தளையில் வாழ்ந்தது. அப்பா புல்மேன் ரயில் பெட்டிகளில் போர்ட்டர். அந்த வேலைக்கும் 'டிஃபெண்டர்' பத்திரிகைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1905-ல் ராபர்ட் அபாட் தொடங்கிய அந்தப் பத்திரிகையைத் தென்மாநிலங்களுக்கு ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் புல்மேன் போர்ட்டர்கள்தான். அங்கே அதை வெளிப்படையாக விற்பதே ஆபத்தாக இருந்த காலம் அது.

அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். அம்மாதான் எத்தலை வாசிப்பின் பக்கம் திருப்பினார். லிண்ட்ப்ளூம் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் வெள்ளையர் குடியிருப்பைக் கடக்க வேண்டும். வழியில் வசவும் கல்வீச்சும் இருந்தன. பள்ளிப் பத்திரிகைக் குழுவில் அவருக்கு இடம் தரவில்லை. வழக்கறிஞராகும் ஆசையும் நிறைவேறவில்லை. சிகாகோ பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவரைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தது ஒரு நாட்குறிப்பு. 1948-ல் ஜப்பான் சென்று, அமெரிக்க ராணுவத்தின் கறுப்பின வீரர்களுக்கான மனமகிழ் மன்றம் ஒன்றில் பணியாற்றினார். ராணுவத்தில் பாகுபாடு கூடாதென்று அதே ஆண்டு அதிபர் ட்ரூமன் ஆணையிட்டிருந்தார். டோக்கியோவிலோ நிறப் பிரிவினை அப்படியே இருந்தது. கறுப்பின வீரர்களுக்கும் ஜப்பானியப் பெண்களுக்கும் பிறந்து, இரு தரப்பாலும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் எத்தல் பார்த்தார். பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். கொரியப் போர்ச் செய்தி சேகரிக்க வந்த 'டிஃபெண்டர்' நிருபர் அலெக்ஸ் வில்சன் அதைப் படித்துவிட்டு சிகாகோவுக்கு எடுத்துச் சென்றார். 1950-ல் அது அச்சில் வந்தது. ராணுவ அதிகாரிகள் எரிச்சலடைந்தார்கள்; பத்திரிகை அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. அப்போது எத்தலுக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

ஜூலை 7 கேள்விக்கு அவர் விலை கொடுத்தார். அதன்பின் ஐசன்ஹோவர் அவரைக் கேள்வி கேட்க அழைப்பதே அரிதாயிற்று. செய்தித் துறைச் செயலாளர் ஜேம்ஸ் ஹாகர்ட்டி, எத்தல் ஒரு தொழிற்சங்க அமைப்புக்குப் பகுதிநேரமாகச் செய்த வேலையைத் துருவி, அவரது வெள்ளை மாளிகைச் செய்தியாளர் அனுமதியையே கேள்விக்குள்ளாக்கினார். எத்தல் ஒதுங்கவில்லை. 1955-ல் பாண்டுங் மாநாட்டுக்குப் போனார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் நேருவும் சுகர்னோவும் உட்பட அங்கே கூடியிருந்தார்கள். 1956-ல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, 1957-ல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தது, அதே ஆண்டு கானாவின் விடுதலை விழா, பின்னர் வியட்நாமில் கறுப்பின வீரர்கள் என்று அவரது செய்திகள் நீண்டன.

அவர் எழுப்பிய பிரச்னையில் 1955 நவம்பரில் மாற்றம் வந்தது. சாரா கீஸ் என்ற ராணுவப் பெண் தொடுத்த வழக்கில், மாநிலங்களுக்கிடையிலான பேருந்துகளில் பிரித்து உட்காரவைப்பது தவறென்று மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் முடிவு சொன்னது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றை அதிபர் ஜான்சன் எத்தலுக்குத் தந்தார்.

2020-ல் லெஸா க்ளைன்-ரான்சம் எழுதி, ஜான் பாரா ஓவியம் தீட்டிய 'த பவர் ஆஃப் ஹர் பென்' என்ற சிறுவர் நூல் இந்த வாழ்க்கையைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தது. இப்படிப்பட்ட கதைகள் குழந்தைகளுக்கு அவசியம் வேண்டும். பேனா பரிசாக வந்ததைச் சொல்வது எளிது. ஒரு கேள்வி கேட்டதற்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்டதையும், அப்படியும் அடுத்த கேள்வியோடு எழுந்து நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எத்தல் 1991-ல் காலமானார். 2022-ல் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் அறையின் மேடைக்கு அவர் பெயரோடு இன்னொரு பெண்ணின் பெயரும் சூட்டப்பட்டது: ஆலிஸ் டன்னிகன். 1948-ல் ட்ரூமனின் தேர்தல் ரயிலில் இடம்பெற, ஆலிஸ் வேலை பார்த்த செய்தி நிறுவனமே செலவுக்குப் பணம் தர மறுத்தது. சொந்தப் பொறுப்பில் அவர் எப்படி அந்த ரயிலில் ஏறினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)