நட்ட கல்லும் மேற்சுமையும்

ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில், பர்காகாவ்ன் வட்டாரத்தைச் சேர்ந்த பக்ரி பர்வாடி என்னும் ஊர்ப்புறத்தில் சில பெருங்கற்கள் நிற்கின்றன. அவற்றுள் இரண்டிற்கு நடுவே 'வி' வடிவிலானதோர் இடைவெளி உண்டு. பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச், செப்டம்பர் நாள்களில் அவ்விடைவெளியில் கதிரவன் எழுவதைக் காண மக்கள் கூடுகின்றனர். அதே பெயர் தாங்கிய நிலக்கரிச் சுரங்கத்தில் 2016இல் என்டிபிசி நிறுவனம் பணி தொடங்கியது. மின்சாரம் விளைவிக்கும் அந்நிறுவனத்தின் முதற் சுரங்கம் அது.

தாமோதர் ஆற்றின் மேற்படுகையான கரன்புரா பள்ளத்தாக்கில் இவ்விரண்டும் அருகருகே இருப்பது தற்செயல் அன்று. பள்ளத்தாக்கின் அடியில் நிலக்கரி, மேலே பெருங்கற்கள், சுற்றியுள்ள குன்றுகளில் பாறை ஓவியங்கள். 1991இல் புலு இமாம் வெளியுலகிற்கு அறிவித்த இஸ்கோ ஓவியங்கள் அவற்றுள் பெயர்பெற்றவை.

சுரங்கத்துறையில் 'ஓவர்பர்டன்' என்றொரு சொல் புழங்குகிறது. நிலக்கரிப் படிவத்திற்கு மேலுள்ள மண், பாறை அனைத்தையும் அது குறிக்கும். சொல்லுக்குச் சொல் நோக்கின் 'மேற்சுமை'. திறந்தவெளிச் சுரங்கத்தில் முதலில் அகற்றப்படுவது இதுவே. தொல்லியலாளருக்கு வேண்டியதோ இந்தச் சுமையின் மேல் ஓரிரு மீட்டர் மட்டுமே. பானையோடு, அடுப்புக்கரி, ஈமக்குழியின் எலும்பு எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. ஒரு கல்லை வெறுங்கண்ணால் பார்த்து அதன் காலத்தைச் சொல்ல இயலாது. அதன் அடியிலுள்ள குழி குலையாமல் இருந்தால், அதில் கிடைக்கும் கரித்துண்டைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். கல்லை மட்டும் பெயர்த்து அருங்காட்சியக முற்றத்தில் நிறுத்துவதைப் 'பாதுகாப்பு' என அழைப்பது எனக்கு உடன்பாடன்று. குழியை இழந்த கல் வெறும் கல்தான். கதிரவனை நோக்கி நிறுத்தப்பட்ட கல்லாயின் அதன் திசையும் இடமும் உடன் தொலைகின்றன.

சட்டம் என்ன செய்கிறது? 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காக்கும். அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் முதற்படிவம், திட்ட எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டத்தால் காக்கப்படும் பகுதிகள் உள்ளனவா எனக் கேட்கிறது. கேள்வியின் அமைப்பை நோக்குங்கள்: ஏற்கெனவே காக்கப்படுவது எது என்றுதான் அது வினவுகிறது. அறியப்படாதது எது என்று வினவவில்லை. ஆகவே பட்டியலைப் புரட்டி 'இல்லை' என்று எழுதினாலே போதும். ஒருவரும் நிலத்தில் கால்வைக்க வேண்டியதில்லை. முறையான கள ஆய்வு என்பதோ பழைய நிலவரைபடங்களைப் படித்து, வரிசையாக நடந்து ஓடுகளைத் தேடி, ஐயமுள்ள இடத்தில் சோதனைக்குழி இட்டுப் பார்ப்பது. இங்கிலாந்தில் 1990 முதல் அந்தச் செலவு பெரும்பாலும் நிலத்தைத் தோண்ட விரும்புபவரின் பொறுப்பாகிவிட்டது.

மொழியியல் பயின்ற எனக்கு இந்தக் கற்களின் பெயர்கள் மீது தனி ஈடுபாடு உண்டு. முண்டாரி மொழியில் 'திரி' என்றால் கல். ஈமக்கல்லிற்குச் 'சசன்திரி' என்றும், நினைவிற்காக நிமிர்த்தி நட்டதற்குப் 'பித்திரி' என்றும் பெயர். 'பித்' என்பது நடுதலைக் குறிக்கும் வினை. நம் 'நடுகல்' அதே முறையில் அமைந்த சொல். வேறு மொழிக்குடும்பம், ஒரே சிந்தனை. ராஞ்சிப் பக்கத்துச் சோகாஹாட்டு ஈமக்காட்டைப் பற்றி டால்டன் 1873இலேயே எழுதினார். அங்கே முண்டாக்கள் இன்றும் தம் இறந்தோருக்குக் கல் இடுகின்றனர். ஹசாரிபாக் கற்களை நட்டவர் முண்டாக்களே என இதைக்கொண்டு துணிந்துவிட முடியாது. இன்று அவற்றைச் சுற்றி வாழ்வோர் பல குடியினர். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். முண்டாக்கள் சசன்திரியைத் தங்கள் நிலப்பட்டா என்றே சொல்லி வந்துள்ளனர். காட்டைத் திருத்திய முதற்குடியின் உரிமையை 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டமும் ஏற்றது. நில உரிமைக்குச் சான்றாகக் கல்லைக் காட்டிய மரபுடைய நாட்டில், நிலத்தைக் கையகப்படுத்தும் கோப்பில் கல்லிற்கு ஒரு வரியும் இல்லை.

மதுரை அரிட்டாபட்டியை நினைத்துக்கொள்கிறேன். டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. முதன்மைக் காரணம் மக்கள் போராட்டம். ஆனால் தமிழி கல்வெட்டும் குடைவரையும் அவர்கள் கையில் சான்றாக இருந்தன. எழுத்துள்ள கல்லிற்கு வழக்காட ஆளுண்டு. எழுத்தில்லாத கல்லிற்கு அதன் பெயரும், அதை அழைக்கும் மொழியும், அடியிலுள்ள குழியும் மட்டுமே சாட்சி. எனவே சுரங்கத்திற்கு முன்னான ஆய்வுக்குழுவில் தொல்லியலாளருடன் அவ்வூர் மொழி அறிந்த ஒருவரும் நடக்க வேண்டும் என்பேன். எந்த வயலுக்கு 'சசன்' என்று பெயர், எந்த மேட்டில் ஏர் ஓட்டுவதில்லை என்பதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு வாரம் போதும். முதல் இயந்திரம் இறங்குவதற்கு முன் அந்த ஒரு வாரம் கிடைக்க வேண்டும்.