டிவைசிஸ் கால்வாயின் வீழ்ச்சியும் மீட்சியும்: பராமரிப்புப் பொறுப்பை முன்வைத்து

இங்கிலாந்தின் கால்வாய்களைப் பற்றி எழுதுவோரில் பலர் ரயில் வந்ததால் கால்வாய் அழிந்தது என்று முடித்துவிடுகின்றனர். வில்ட்ஷயரின் சிறு சந்தை நகரமான டிவைசிஸ் வழியாகச் செல்லும் கென்னட்–ஏவன் கால்வாயின் வரலாறு இந்த முடிவுக்குள் அடங்குவதில்லை. ரயில் அதன் வருமானத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் அக்கால்வாய் எப்போது வாழ்ந்தது, எப்போது நலிந்தது, எப்படி மீண்டது என்பவற்றைத் தீர்மானித்தது அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதே. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

குன்றும் தண்ணீரும்

ரெடிங்கிலிருந்து நியூபரி வரை கென்னட் ஆறு 1723இலும், பிரிஸ்டலிலிருந்து பாத் வரை ஏவன் ஆறு 1727இலும் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றவையாயின. இவ்விரண்டையும் 57 மைல் கால்வாயால் இணைக்க 1794இல் சட்டம் இயற்றப்பட்டது. பொறியாளர் ஜான் ரென்னிக்குக் கடினமாக அமைந்தது டிவைசிஸுக்கு மேற்கேயுள்ள கேன் ஹில் குன்று. இரண்டு மைல் தொலைவுக்குள் படகுகள் 237 அடி ஏற வேண்டியிருந்தது. அதற்காக 29 நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. அவற்றுள் 16 ஒரே நேர்கோட்டில் அமைந்தவை.

மேலேறும் படகு நீர்ப்பூட்டுக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவுகளை மூடி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிறைய நிறையப் படகும் உயரும். இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கிவிடும். கேன் ஹில்லில் பூட்டுகள் நெருங்கி நிற்பதால் இடையில் தண்ணீர் தேங்க இடம் போதவில்லை. எனவே ஒவ்வோர் இடைவெளியையும் பக்கவாட்டில் விரித்துக் குளமாக்கினார் ரென்னி.

1810இல் இவ்வேலை முடியும்வரை, குன்றின் அடிவாரத்திலுள்ள ஃபாக்ஸ்ஹேங்கர்ஸுக்கும் டிவைசிஸுக்கும் இடையே குதிரைகள் இழுத்த தண்டவாள வண்டிகளே சரக்கை ஏற்றிச் சென்றன. கால்வாய்ப் பாலங்களில் அத்தண்டவாளத்துக்காக விட்ட வளைவுகளை இன்றும் காணலாம். கால்வாய்க்குப் பகையாகச் சொல்லப்படும் தண்டவாளம் இங்கே முதலில் அதற்குத் துணையாகவே வந்தது.

உடைமை மாறியபோது

சாமர்செட் நிலக்கரி கால்வாயின் முக்கியச் சரக்காக இருந்தது. 1829 முதல் 1843 வரை கேன் ஹில்லில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. இருட்டிய பின் கடக்கும் படகுகளிடம் கூடுதல் கட்டணம் வாங்கப்பட்டது. போக்குவரத்தைப் பெருக்கச் செலவிடத் தயங்காத உரிமையாளர்களை இதில் காண்கிறோம்.

லண்டன்–பிரிஸ்டல் ரயில்பாதை 1841இல் முழுமை பெற்றதும் வருமானம் சரிந்தது. 1852இல் கால்வாய் அதன் போட்டியாளரான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கே கைமாறியது. பராமரிக்கும் கடமை சட்டப்படி அந்நிறுவனத்தின் மேல் இருந்தது. ஆனால் கால்வாய் செழித்தால் தன் ரயிலுக்கே நட்டம். எனவே கடமை ஏட்டளவில் நின்றது. 1926இல் அந்நிறுவனம் கால்வாயை மூட முயன்றபோது எழுந்த எதிர்ப்பு அதைத் தடுத்தது. 1948இல் அரசுடைமையான பின்னரும் நிலை மாறவில்லை. 1951க்குப் பிறகு முழுத் தொலைவையும் படகில் கடக்க இயலாது போயிற்று.

இருபத்தொன்பது பூட்டுகளும் தண்ணீர்ப் பற்றாக்குறையுமே உண்மைக் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். ஏற்றத்தைக் கடக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால் இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஆயினும் வணிகம் வளர்ந்த 1810க்கும் 1840க்கும் இடையிலும் அதே பூட்டுகளும் அதே பற்றாக்குறையும் இருந்தன. குன்று போக்குவரத்தை மெதுவாக்கியது. கதவுகள் உளுத்துப்போனது கவனிப்பாரின்மையால். மேலும், 1857இல் டிவைசிஸுக்கு வந்த ரயில் கிளைப்பாதையே 1966இல் மூடப்பட்டது. ரயில் கால்வாயை வென்றது என்று இந்நகரத்தைப் பொறுத்தவரை சொல்ல முடியாது.

மீட்சி

கால்வாயைக் காக்க 1951இல் சங்கம் உருவானது. 1956இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு, அரசிக்கு அளிக்க, நீர்வழியாகவே லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1962இல் அச்சங்கம் அறக்கட்டளையாயிற்று. தன்னார்வலர்கள், உள்ளாட்சிகள், நீர்வழி வாரியம் ஆகியோரின் பல்லாண்டு உழைப்புக்குப் பின், 1990 ஆகஸ்ட் 8 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் கேன் ஹில்லில் கால்வாயை மீண்டும் திறந்து வைத்தார். 1996இல் ஃபாக்ஸ்ஹேங்கர்ஸில் நிறுவிய இறைப்பு நிலையம், நாளொன்றுக்குச் சுமார் 3.2 கோடி லிட்டர் தண்ணீரை மேலே ஏற்றும் திறன் கொண்டது. ரென்னி காலத்துப் பற்றாக்குறைக்குப் பொறுப்பேற்க ஆள் வந்த பிறகே தீர்வும் வந்தது.

முடிவுரை

ஏட்டளவில் நின்றபோதும், சட்டக் கடமை கால்வாயை முற்றாக அழியவிடாமல் தடுத்தது. மக்களின் அக்கறை அதை மீண்டும் ஓடவைத்தது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு ரயிலை மட்டும் காரணமாக்கும் வரலாறு குறைபட்டது. நீர்வழிகளை ஆராய்வோர், எந்தப் புதிய ஊர்தி எப்போது வந்தது என்பதோடு நிறுத்தாமல், கதவுகளைப் பழுதுபார்க்கவும் தூர்வாரவும் யார் எவ்வளவு செலவிட்டார்கள் என்ற கணக்கையும் படிக்க வேண்டும்.