அண்ணன் கிடைத்தவர்கள், அக்கா ஆனவர்கள்

கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ராணுவ மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, கண்டதை 1953இல் எழுதினார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோய் ஏதோ ஓர் அளவில் தொடங்கியிருந்தது. சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்குக் குழாயே அடைபடும் நிலை. போருக்குத் தகுதி என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். மாரடைப்பு என்பது ஐம்பதைத் தாண்டியவர்களின் கவலை என்ற நினைப்பு அதோடு ஆட்டம் கண்டது. ஐம்பதில் வெளிப்படும் நோய்க்குப் பள்ளி வயதிலேயே விதை விழுகிறது.

பள்ளி வயதுப் பிள்ளையின் இதயத்தைக் காக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் எண்ணெய், உப்பு, ஓட்டம், தூக்கம் என்று பதில் வரும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவரின் துணை இருக்கிறதா, அல்லது அந்தப் பிள்ளையே வேறொரு சின்னப் பிள்ளைக்குத் துணையாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வட அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால், இதுவும் கேட்க வேண்டிய கேள்விதான் என்று தோன்றுகிறது. ஒன்றில் பிள்ளைகள் துணையைப் பெற்றார்கள், மற்றதில் கொடுத்தார்கள்.

முதலாவது ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பைப் பற்றியது. 1904இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தின் எழுத்தர் எர்னஸ்ட் கூல்ட்டர், வழக்கில் மாட்டி வரும் சிறுவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆளுக்கொரு பையனோடு பழகுங்கள் என்று ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கேட்டதில் தொடங்கியது அது. பெயருக்கேற்ப, சேரும் பெரியவர் அண்ணன் அல்லது அக்கா. பிள்ளை தம்பி அல்லது தங்கை. 1990களின் தொடக்கத்தில் 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அண்ணன் அல்லது அக்கா. மறு பாதி 18 மாதம் காத்திருக்க வேண்டும். முதல் பாதியிலும் எல்லோருக்கும் ஆள் கிடைத்துவிடவில்லை. கிடைக்காதவர்களையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள், அது நேர்மையான வழி.

1995இல் முடிவு வந்தது. அண்ணன் தரப்பில் புதிதாகப் போதைப்பொருளைத் தொட்டவர்கள் 46 விழுக்காடு குறைவு, மதுவைத் தொட்டவர்கள் 27 விழுக்காடு குறைவு. கைநீட்டி அடிப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இத்தனைக்கும் மாதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் சேர்ந்து சுற்றியதுதான் நடந்தது. போதை கெடுதல் என்று பாடம் நடத்தவில்லை.

ஒரு சொட்டு இரத்தம்கூட இந்த ஆய்வில் எடுக்கப்படவில்லை. ஆகவே இதை இதய ஆய்வு என்று சொல்ல முடியாது. இதயத்தைக் கெடுக்கும் வழிகளில் சில அடைபட்டன என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது ஆய்வு இரத்தம் எடுத்தது. கனடாவின் மேற்குக் கரையில் ஒரு நகர்ப்புற அரசுப் பள்ளி, பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேர். ஹன்னா ஷ்ரையர், கிம்பர்லி ஷோனெர்ட்-ரைக்கல், ஈடித் சென் ஆகிய மூவரும் நடத்தி 2013இல் வெளியிட்டது. குலுக்கலில் 52 பேருக்கு வேலை விழுந்தது: வாரம் ஒருமுறை, பள்ளி விட்ட பிறகு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். வீட்டுப்பாடத்துக்கு உதவலாம், விளையாடலாம், ஓவியமும் கைவேலையும் சொல்லிக் கொடுக்கலாம். மீதி 54 பேர் அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தார்கள். எல்லாம் இரண்டே மாதக் கதை.

முடிவில், தொண்டு செய்த பதினைந்து வயதுக்காரர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் காத்திருந்தவர்களைவிடக் குறைந்திருந்தது. கொலஸ்ட்ராலும் குறைவு. உடல் நிறைக் குறியீட்டில் வேறுபாடு 0.39, அதாவது 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பிறர்மேல் பரிவு கூடியவர்களுக்கும் எதிர்மறை மனநிலை தணிந்தவர்களுக்கும்தான் இந்த இறக்கம் அதிகம் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, உதவி செய்தவர்களை யாரும் நோயாளியாக நடத்தவில்லை என்பது. எடையைக் குறை, மனதைத் திடமாக வை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் விழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு என்றார்கள், அவ்வளவுதான்.

பிடித்த ஆய்வைத்தான் கூடுதலாகக் கிள்ளிப் பார்க்க வேண்டும். இன்டர்லூக்கின் வேறுபாட்டின் நம்பக எல்லை, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு, பூஜ்ஜியத்தை உரசாத குறையாக நிற்கிறது. ஆட்கள் வெறும் 106, பள்ளி ஒன்றே ஒன்று. அதோடு, மாலையில் பிள்ளைகளோடு ஓடியாடியவரின் எடை, சோபாவில் கிடந்தவரின் எடையைவிடக் குறைந்தால் அது பரிவின் வேலையா, ஓட்டத்தின் வேலையா? பரிவு கூடியவர்களுக்குப் பயன் கூடியது என்பது அக்கம்பக்கமாக நடந்தவற்றைக் காட்டுகிறதே தவிர, ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று நிறுவவில்லை.

ஆக, அமெரிக்க ஆய்வு அளவிலும் காலத்திலும் பெரியது, ஆனால் உடலைத் தொடவில்லை. கனடா ஆய்வு உடலைத் தொட்டது, ஆனால் இரண்டு மாதத்தோடு நின்றது. எடுத்த எடுப்பில் தோன்றுவதற்கு மாறாக, துணையால் பயன் உண்டு என்பதற்கான இரத்தச் சான்று, துணை கொடுத்தவர் பக்கம்தான் இருக்கிறது. பெற்றவர் பக்கத்தில் நடத்தைச் சான்று மட்டுமே.

பெற்றவர் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் அதே 1995 ஆய்வின் தரவுகளை 2002இல் மீண்டும் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் நன்மைகள் திரளாக இருந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில், பிள்ளைகளின் தன்மதிப்பு துணையே இல்லாதவர்களைவிடக் கீழே போயிருந்தது. சிக்கல் மிகுந்த பிள்ளைகளின் உறவுதான் சீக்கிரம் அறுகிறது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அப்பா விட்டுப்போன வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அண்ணனைக் காட்டிவிட்டு அவரும் வராமல் போவது எப்படிப்பட்டது என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. கனடாவின் மாணவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. இரண்டு மாதம் என்று தெரிந்தே போனார்கள். ஆனால் அவர்களிடம் ஒட்டிக்கொண்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்ததா? அந்தச் சின்னவர்களை அளக்க ஆய்வில் இடமில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

எந்த அண்ணன் நிலைக்கிறார், எவர் போய்விடுகிறார்? 1995இலேயே கிறிஸ்டீன் மோரோவும் மெலனி ஸ்டைல்ஸும் 82 ஜோடிகளைப் பின்தொடர்ந்து எழுதினார்கள். அதே அமைப்பைச் சேர்ந்த ஜோடிகள்தான். ஒருவகைப் பெரியவர், பிள்ளையைத் திருத்துவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டு வந்தவர். காரில் ஏறியதும் மதிப்பெண் விசாரணை, எங்கே போவது என்பதும் அவர் முடிவு. இன்னொருவகை, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேட்டவர், மீன் பிடிக்கப் போனால் மீனை மட்டும் பிடித்தவர். முதல் வகையில் பெரும்பாலான உறவுகள் முறிந்தன. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை தொடர்ந்தன. படிப்பைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பிள்ளைகள் தாமாகப் பேச ஆரம்பித்ததும் இரண்டாவது வகையிடம்தான்.

திருத்த வரும் பெரியவரை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளை ஜீன் பிராடியின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்தது. வறுமையிலும் நன்றாகப் படித்து, அடக்கமாக, ஆசிரியர்கள் மெச்ச வளர்ந்த பிள்ளைகள் 19 வயதில் மனச்சோர்வோ கெட்ட பழக்கமோ அதிகம் இல்லாமல்தான் இருந்தார்கள். ஆனால் இரத்த அழுத்தம், கார்டிசால் முதலிய மன அழுத்த ஹார்மோன்கள், உடல் எடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தேய்மானம் தெரிந்தது. தோலளவு மீட்சி என்று 2013இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்த எண்ணத்துக்கு முன்னோடி ஷெர்மன் ஜேம்ஸ். வட கரோலினாவில் அவர் பேட்டி கண்ட ஜான் ஹென்றி மார்ட்டின், 1907இல் பிறந்து, இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். குத்தகை விவசாயத்திலிருந்து கரையேறி நாற்பது வயதுக்குள் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனார். ஐம்பதுகளில் உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றுப்புண் மூன்றும் அவரைப் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும் தன் முதுகிலேயே தூக்கிச் சுமந்து முன்னேறுவதற்கு உடல் தனியாக வட்டி வாங்குகிறது.

அப்படியென்றால் முன்னேறு என்று தட்டிக் கொடுக்கும் வழிகாட்டி, தட்டிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால், பிள்ளையின் வாழ்க்கையை உயர்த்தும் கையாலேயே அதன் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். இதை நேரடியாக நிரூபித்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, திருத்த வந்த பெரியவர்களைப் பற்றிய ஆய்வையும் பிராடியின் ஆய்வையும் சேர்த்து வரும் என் ஊகம்தான். ஊகத்துக்குத் துணை நிற்பது அதே ஜார்ஜியாவின் இன்னோர் ஆய்வு. பிள்ளைகளுக்கு 11 வயதாக இருக்கும்போது, தாய்மாரும் பிள்ளைகளும் ஏழு வாரம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். முதலில் தனித்தனியாக ஒரு மணி நேரம், பிறகு சேர்ந்து ஒரு மணி நேரம். கனிவோடு வளர்ப்பது எப்படி, கண்டிப்பை ஒரே சீராக வைப்பது எப்படி, நிறவெறியை எதிர்கொள்ளப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவது எப்படி என்பவைதான் பாடம். எட்டு ஆண்டு கழித்து 272 பேரின் இரத்தத்தை எடுத்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அழற்சி குறைவு. மிக ஏழ்மையான வீடுகளில் வேறுபாடு மிகத் தெளிவு. 11 வயதில் இரத்தம் எடுக்கவில்லை, ஆகவே குறைந்தது என்று சொல்வதைவிடக் குறைவாக இருந்தது என்று சொல்வதே சரி. இதில் துணை வெளியாள் இல்லை, தாய்தான். ஆனாலும் துணை பெற்றவர் பக்கத்துக்கு இரத்தச் சான்று வேண்டுமென்றால், நெருங்கிவரக்கூடியது இதுதான்.

அன்பு எப்படி இன்டர்லூக்கினாக மாறுகிறது? ஓயாத பதற்றத்தில் கார்டிசால் சுரந்துகொண்டே இருந்தால், அழற்சியை அடக்கச் சொல்லும் அதன் கட்டளைக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் செவி மரத்துப்போகின்றன. அழற்சி தமனியின் உட்சுவரை உறுத்த, கொழுப்பு அங்கே குடியேறுகிறது. பதற்றத்தைத் தணிக்கும் எதுவும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தளர்த்தும். நம்பிப் பேச ஓர் ஆள் இருப்பதும் தணிக்கலாம், தன்னை நம்பி ஒரு சின்னப் பிள்ளை காத்திருப்பதும் தணிக்கலாம். இரண்டில் எது வலிமையானது என்று கேட்டால், இப்போதைக்கு நான் கொடுப்பதன் பக்கம்தான் சாய்வேன். சான்று சிறிது என்றாலும், கொடுப்பவருக்குக் கைவிடப்படும் ஆபத்து குறைவு. துணை பெறும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதே வாரத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் பொறுப்பையும் கொடுக்கும் திட்டமே எனக்கு உகந்ததாகப் படுகிறது. அதில் பெரியவர் ஓராண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மதிப்பெண்ணைக் கொண்டு அவரை எடைபோடக் கூடாது.

முதலில் சொன்ன இரு ஆய்வுகளுக்கும் பொதுவான ஒரு தடையையும் சொல்ல வேண்டும். காத்திருந்த பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது என்பதால், 18 மாதம் முடிந்ததும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அண்ணனைத் தேட வழி திறந்தது. பருவம் மாறியதும் கனடாவின் 54 பேரும் சிறுவர்களிடம் போகலாம் என்றானது. அதுதான் முறை. ஆனால் அதற்குப் பிறகு ஒப்பிட மறு தரப்பு இல்லை. அந்த மாணவர்கள் ஐம்பது வயதை எட்டும்போது அவர்களின் தமனிகளை எவ்வளவு நுணுக்கமாகப் படம் எடுத்தாலும், அந்த இரண்டு மாதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.