கூடார வண்டியும் வாடிவீடும்

ரயில் வருவதற்கு முன், திருகோணமலைக்கு வந்த யாத்திரிகக் குடும்பங்கள் தங்கும் வசதியைத் தம்முடனேயே கொண்டுவந்தன. கூடாரமிட்ட மாட்டு வண்டியில் பாய், பானை, அரிசி ஏற்றி, குளக்கரையில் மாட்டை அவிழ்த்து, கல் அடுப்பு மூட்டிச் சமைத்து, வண்டியிலேயே உறங்கின. செலவு குறைவு, ஆனால் காட்டுவழியில் யானைப் பயமும் மாரிக்காலச் சேறும் வாட்டின.

ஆங்கிலேயர் ஆட்சியில், பயணம் செய்யும் அதிகாரிகளை முதன்மையாகக் கருதிச் சாலையோரங்களில் வாடிவீடுகள் அமைந்தன. கட்டணம் செலுத்தினால் கட்டிலும் சாப்பாடும் கிடைத்தன. வசதியற்றோருக்கு மடங்களே கைகொடுத்தன.

1927இல் கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு ரயில்பாதை திறக்கப்பட்டபின் வண்டிப் பயணம் தேய்ந்தது. பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் ஹோட்டல்கள் எழுந்தன. 1983க்குப் பின் உள்நாட்டுப் போரால் முடங்கிய ஹோட்டல் தொழில், 2009இல் போர் முடிந்ததும் மீண்டது. இன்றும் பல குடும்பங்கள் வேனில் சமையல் பாத்திரங்களுடனேயே கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வருகின்றன.