சூரியனின் ஓட்டம்: நிலைக்குறியைத் தேடிய முந்நூறு ஆண்டுகள்

பால்வீதியின் மையத்தைச் சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனால் இதே சூரியனின் வேகம் நொடிக்கு 20 கிலோமீட்டர் என்று கணித்தவர்களும் கைதேர்ந்த வானியலாளர்கள்தாம். அவர்களுடைய கருவியிலோ கணக்கிலோ குறை இருக்கவில்லை. எதை அசையாப் பொருளாக வைத்துக்கொண்டு அளந்தார்கள் என்பதே எண்ணை மாற்றியது. சூரியன் நகர்வதை எவரும் நேரே கண்டதில்லை. மற்றவை நகர்வதைப் பார்த்தே அதை உய்த்தறிய வேண்டியிருக்கிறது. அப்படி நம்பிப் பிடித்துக்கொண்ட நிலைக்குறி ஒவ்வொன்றும் பின்னர் தானும் நகர்வதாகத் தெரியவந்தது. சூரிய இயக்க ஆய்வின் வரலாற்றை அந்த நிலைக்குறிகளின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நகர்ந்த விண்மீன்கள்

1718ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹாலி, தாலமியின் அல்மஜெஸ்ட் நூலில் உள்ள பழைய இடக்குறிப்புகளைத் தம் காலத்து அளவீடுகளோடு ஒப்பிட்டார். சுவாதி, சிரியஸ், ரோகிணி ஆகிய மூன்றும் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு அரைப் பாகைக்கும் மேல் விலகியிருப்பதாக அறிவித்தார். ரோகிணியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியில்லை. அதன் உண்மையான நகர்வு மிகச் சிறியது, பழைய குறிப்பின் பிழையே பெரிதாகத் தெரிந்திருக்கிறது. சுவாதியும் சிரியஸும் அவர் சொன்னபடியே நகர்ந்திருந்தன. நிலைத்த விண்மீன்கள் என்று ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவந்த வகுப்பு அந்தச் சிறு கட்டுரையோடு ஆட்டம் கண்டது.

விண்மீன்கள் நகருமானால், அவற்றில் ஒன்றான சூரியன் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பார்ப்பவரின் நகர்வால் விண்மீன் ஒளி வரும் திசை சற்றே மாறித் தெரியும் ஒளிப்பிறழ்ச்சியைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிராட்லி 1748இல் இதை வெளிப்படையாகவே எழுப்பினார். சூரியக் குடும்பம் முழுவதும் இடம்பெயர்ந்தால் விண்மீன்களுக்கிடையேயான கோணத் தொலைவுகள் காலப்போக்கில் மாறித் தெரியும் என்றும், அதைப் பிரித்தறிய நெடுங்காலம் பிடிக்கும் என்றும் அவர் கருதினார்.

கோட்டிங்கனில் இருந்த டோபியாஸ் மேயர் 1760இல் அதற்கான வழியைச் சொன்னார். காட்டுக்குள் நடப்பவருக்கு எதிரே உள்ள மரங்கள் விலகி வழிவிடுவதுபோலவும், பின்னால் விட்டுவந்தவை ஒன்றையொன்று நெருங்குவதுபோலவும் தோன்றும். சூரியன் நகர்ந்தால் வானத்தின் ஒரு பகுதியில் விண்மீன்கள் விரிய வேண்டும், எதிர்ப்பகுதியில் குவிய வேண்டும். 1706இல் ஓலே ரோமர் எடுத்த இடக்குறிப்புகளையும் தாம் எடுத்தவற்றையும் ஒப்பிட்டு 80 விண்மீன்களின் நகர்வை மேயர் கணக்கிட்டார். அப்படியொரு ஒழுங்கு அவருக்குத் தென்படவில்லை. தென்படவில்லை என்றே எழுதியும் வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1775இல், இயற்பியலாளர் லிக்டன்பெர்க் அந்த உரையைப் பதிப்பித்தார்.

மேயர் கைவிட்ட இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் தொடங்கினார். 1783இல் அவர் கையில் இருந்தது அரசு வானியலாளர் மஸ்கலின் தந்த ஒருசில ஒளிமிகு விண்மீன்களின் நகர்வுதான்; கணக்கின் அடித்தளம் ஏழே விண்மீன்கள். அவற்றை வைத்துக்கொண்டு, சூரியன் ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் லாம்டா என்ற விண்மீனுக்கு அருகிலுள்ள ஒரு புள்ளியை நோக்கிச் செல்கிறது என்று அறிவித்தார். இன்றைய மதிப்பிலிருந்து அந்தத் திசை பத்துப் பாகைக்குள்தான் விலகியிருக்கிறது. இதை மேதைமையின் வெற்றியாக மட்டும் எழுதிவிடுவது எளிது. 1805இல் மேலும் உழைத்து அவர் திருத்திய திசையோ உண்மையிலிருந்து இன்னும் விலகிப்போனது. ஏழு விண்மீன்கள் ஒரு முடிவைத் தாங்கப் போதா. 1783இல் நல்வாய்ப்பும் அவரோடு இருந்தது. ஹெர்ஷலின் நிலையான பங்களிப்பு, இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று காட்டியதுதான்.

ஃபிரெட்ரிக் பெசல் அந்த விடையை ஏற்கவில்லை. 1818இல் வெளியிட்ட தம் பெருநூலில் விண்மீன் நகர்வுகளை இன்னும் கண்டிப்பாகச் சோதித்தார். எந்த ஒரு திசைக்கும் தனிச் சிறப்பு இல்லை என்றார். பெசலின் சொல்லுக்கு இருந்த எடையால் ஹெர்ஷலின் முடிவு இரு பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதை மீட்டவர் பெசலின் மாணவர் ஆர்கெலாண்டர் என்பது இந்த வரலாற்றில் மனத்தைத் தொடும் செய்தி. பின்லாந்தின் துர்க்கு நகரில் எடுத்த துல்லியமான அளவீடுகளைக் கொண்டு 390 விண்மீன்களை அவர் ஆராய்ந்தார். நகர்வின் அளவை வைத்து அவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே விடை கண்டார். மூன்றும் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டின. 1837இல் அது வெளியானபோது ஐயம் தீர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து தாமஸ் கேலவே தென்வானத்து விண்மீன்கள் 81ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அதே திசையை அடைந்தார். வடவானத்து விண்மீன் ஒன்றைக்கூடத் தொடாமல் அதே முடிவு வந்ததால் அது இன்னும் உறுதிப்பட்டது.

எந்த விண்மீன்களைக் கொண்டு?

திசை கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. கோண நகர்வை வேகமாக மாற்ற விண்மீன்களின் தொலைவு தெரிய வேண்டும். முதல் தொலைவே 1838இல்தான், பெசலின் கையால், அளக்கப்பட்டது. இந்தத் தடையைத் தாண்ட உதவியது நிறமாலை. ஒரு விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சி நேரடியாகக் கிலோமீட்டரில் சொல்லிவிடும், தொலைவு தேவையில்லை. 1868இல் வில்லியம் ஹக்கின்ஸ் சிரியஸில் இதை முயன்றார். ஒளிப்படத் தகடு வந்தபின் முறை முதிர்ந்தது. கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் கேம்பெல், ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்து, சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று நிறுவினார்.

இந்தக் கணக்குகள் அனைத்தின் அடியிலும் ஓர் எடுகோள் இருந்தது. தனித்தனி விண்மீன்கள் எத்திசையிலும் ஒழுங்கின்றி அலைகின்றன. ஆகவே பலவற்றின் சராசரியை எடுத்தால் அந்த அலைச்சல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து, எஞ்சுவது சூரியனின் இயக்கமாகவே இருக்கும் என்பது அது. 1904இல் டச்சு வானியலாளர் காப்டைன் இதை உடைத்தார். விண்மீன்கள் இரண்டு எதிரெதிர் ஓட்டங்களாகச் செல்வதாகத் தோன்றுகிறது என்று அவர் காட்டினார். 1920களில் வானியலாளர் ஸ்ட்ரோம்பெர்க் இன்னும் ஆழமாகத் தோண்டினார். அருகிலுள்ள சாதாரண விண்மீன்களோடு ஒப்பிட்டால் சூரியனின் வேகம் 20 கிலோமீட்டர். வேகமாக விரையும் சில வகை விண்மீன்களோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. விண்மீன்கள் கோள வடிவில் செறிந்த கூட்டங்களான கோளக் கொத்துகளோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இந்தப் பெரிய வேகங்கள் எல்லாம் வானத்தின் ஒரே பக்கத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன.

என் பார்வையில், இந்த வரலாற்றின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது. சூரியனின் வேகம் என்ன என்ற கேள்வி, எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகையில் என்ற துணைக் கேள்வி இன்றிப் பொருளற்றது என்பது அப்போதுதான் முழுமையாக வெளிப்பட்டது.

சுழலும் மண்டலம்

1918இல் ஹார்லோ ஷாப்லி, கோளக் கொத்துகளின் பரவலை வைத்து, பால்வீதியின் மையம் தனுசு ராசித் திசையில் வெகு தொலைவில் இருக்கிறது என்று காட்டியிருந்தார். விண்மீன்களுக்கிடையேயுள்ள தூசி ஒளியை மங்கச் செய்வதை அவர் கணக்கில் கொள்ளாததால் தொலைவு இரு மடங்குக்கும் மேலாகப் பெருத்துவிட்டது, திசை சரி.

சுவீடனின் பெர்ட்டில் லிண்ட்பிளாட், ஸ்ட்ரோம்பெர்க்கின் புதிருக்கும் ஷாப்லியின் மையத்துக்கும் முடிச்சுப் போட்டார். பால்வீதி ஒரே மையத்தைச் சுற்றும் பல துணை அமைப்புகளால் ஆனது. தட்டையானவை வேகமாகவும் கோள வடிவானவை மெதுவாகவும் சுழல்கின்றன என்றார். சூரியன் வேகமாகச் சுழலும் தட்டில் இருக்கிறது. கோளக் கொத்துகள் ஒரு கூட்டமாகச் சுழல்வது மிகக் குறைவு. ஆகவே அவை நம்மிடமிருந்து பின்தங்குவதாகத் தெரிகிறது. ஸ்ட்ரோம்பெர்க் கண்ட ஒருபக்கச் சாய்வு, நம் சுழற்சியின் நிழல்.

இதற்கு 1927இல் லைடனில் ஜான் ஊர்ட் தந்த சான்று, எளிமையால் வியக்கவைப்பது. மையத்தைச் சுற்றும் விண்மீன்களில் உட்பாதையில் இருப்பவை நம்மை முந்தும், வெளிப்பாதையில் இருப்பவை பின்தங்கும். பூமியிலிருந்து பார்க்கும்போது மையத்தின் நேர்த்திசையிலும் அதற்குச் செங்குத்தான திசையிலும் அருகிலுள்ள விண்மீன்கள் நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. இடைப்பட்ட 45 பாகைத் திசைகளில் ஒன்றில் விலகல் உச்சம், அடுத்ததில் நெருங்கல் உச்சம். வானத்தைச் சுற்றிவந்தால் இந்த ஏற்ற இறக்கம் இருமுறை நிகழ வேண்டும்; தொலைவு கூடக் கூட அளவும் கூட வேண்டும். ஊர்ட் தொகுத்த தரவில் அது அப்படியே இருந்தது. அந்த அலை காட்டிய மையத்தின் திசை, ஷாப்லி கோளக் கொத்துகளிலிருந்து பெற்ற திசையோடு சில பாகைக்குள் ஒத்துப்போனது. ஒருவர் பரவலைப் பார்த்தார், மற்றவர் வேகத்தைப் பார்த்தார். இரண்டு சுவடுகளும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னர் கனடாவில் பிளாஸ்கெட்டும் பியர்ஸும் தொலைவான விண்மீன்களில் இதை உறுதிசெய்தார்கள்.

அப்படியானால் பழைய 20 கிலோமீட்டர் என்ன ஆனது? அது அப்படியே செல்லும், பொருள்தான் மாறியது. சுற்றியுள்ள விண்மீன்களின் பொது ஓட்டத்திலிருந்து சூரியன் விலகும் அளவு அது. ஹெர்குலிஸ் நோக்கிய பயணம் பால்வீதிப் பயணத்துக்குள் அடங்கிய ஒரு சிறு விலகல்.

அந்த விலகல் எங்கிருந்து வந்தது, போகிற வழியில் எதிர்ப்படும் விண்மீன்கள் சூரியனை எவ்வளவு இழுத்துத் திருப்பும் என்பவை இயக்கவியல் கேள்விகள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1942இல் வெளியிட்ட விண்மீன் இயக்கவியல் நூல் இத்தகைய சந்திப்புகளை முறையாகக் கணக்கிட்டது. தனி விண்மீன்களின் இழுப்பு ஒரு விண்மீனின் பாதையைக் கணிசமாக மாற்ற, பால்வீதியின் வயதைவிட மிக நீண்ட காலம் தேவை. சூரியனின் பாதையைத் தீர்மானிப்பது மண்டலம் முழுவதன் ஈர்ப்புதான்.

அந்தப் பாதை மூடிய நீள்வட்டமாக அமைவதில்லை. சூரியன் சற்றே உள்ளும் புறமும் ஊசலாடிக்கொண்டு சுற்றுகிறது. கூடவே தட்டின் நடுத்தளத்துக்கு மேலும் கீழும் போய்வருகிறது. இப்போது நடுத்தளத்துக்கு வடக்கே ஏறத்தாழ 65 ஒளியாண்டு உயரத்தில் இருந்துகொண்டு, நொடிக்கு 7 கிலோமீட்டர் வீதம் மேலும் விலகிச் செல்கிறது. சூரியனை வால்நட்சத்திரத்தின் தலைபோலவும் கோள்களைப் பின்தொடரும் சுருள்போலவும் காட்டும் அசைபடங்கள் இணையத்தில் பரவுகின்றன. கோள்கள் சூரியனுக்குப் பின்னால் இழுபடுவதில்லை. கோள்களின் தளம் பால்வீதித் தளத்துக்கு ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருப்பதால் அவை சில வேளை முன்னும் சில வேளை பின்னும் இருக்கின்றன.

கருந்துளையும் குவாசர்களும்

தூசி மறைத்த பகுதிகளை வானொலி அலைகள் திறந்தன. 1951இல் ஹைட்ரஜன் வாயுவின் 21 சென்டிமீட்டர் அலை பிடிபட்டதும் தட்டின் சுழற்சியை நெடுந்தொலைவு வரை பின்தொடர முடிந்தது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1964இல் மையத்தின் தொலைவை 10,000 பார்செக் (ஒளியாண்டைவிடப் பெரிய தொலைவு அலகு), சுழற்சி வேகத்தை 250 கிலோமீட்டர் என்று பரிந்துரைத்தது. 1985இல் அவற்றை 8,500 என்றும் 220 என்றும் குறைத்தது. இவை பல சான்றுகளுக்கிடையே கண்ட சமரசம். மையத்தையே நேராக அளக்கும் வழி அதுவரை இல்லை.

1974இல் வானியலாளர்கள் பாலிக்கும் பிரவுனும் மையத்தில் மிகச் சிறிய, செறிந்த வானொலி மூலமொன்றைக் கண்டார்கள். சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் எனப்படும் அது, சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை. அத்தனை நிறையைச் சுற்றியுள்ள விண்மீன்களால் அசைத்துவிட முடியாது. ஆகவே அது நகர்வதாகத் தெரிந்தால் நகர்வது நாம்தான். மார்க் ரீடும் ஆந்திரியாஸ் புருந்தாலரும் ஹவாய் முதல் கரீபியன் வரை பரவிய பத்து வானொலிக் கிண்ணங்களைக் கொண்டு, மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளிமிகு மையங்களான குவாசர்களுக்கு எதிராக அதன் நகர்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பால்வீதித் தளம் நெடுக ஆண்டுக்கு 6.4 மில்லி வில்நொடி, செங்குத்தாக 0.2 அளவே. மையத்தைச் சுற்றும் விண்மீன்களை அளந்து பெற்ற ஏறத்தாழ 8,200 பார்செக் தொலைவோடு பெருக்கினால் சூரியனின் முழு வேகம் நொடிக்கு 250 கிலோமீட்டருக்கு அருகில் வருகிறது. செங்குத்துப் பகுதி 7, 8 கிலோமீட்டராகிறது. அக்கம்பக்கத்து விண்மீன்களைக் கொண்டு முற்றிலும் வேறு வழியில் பெற்ற எண்ணும் இதுதான். ஹெர்ஷல் மரபில் வந்த அளவும் கருந்துளையின் அளவும் இந்த ஓர் எண்ணில் கைகோத்துக்கொண்டதை ஆய்வாளர்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

கடைசி அடி பிராட்லியின் ஒளிப்பிறழ்ச்சியிலிருந்து வந்தது. சூரியக் குடும்பம் மாறா வேகத்தில் சென்றால் தொலைவான ஒளிமூலங்களின் இடம் நிலையாகப் பிறழ்ந்து கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வேகத்தின் திசை வளைந்தால் பிறழ்ச்சி ஆண்டுதோறும் மாறும். ஐரோப்பாவின் கையா விண்கலம் 16 இலட்சம் குவாசர்களில் அந்த மாற்றத்தைக் கண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வில்நொடியின் பத்து இலட்சத்தில் 5 பங்கு, அதாவது 5 மைக்ரோ வில்நொடி, மையத்தை நோக்கி. 2020 டிசம்பரில் வெளியான இம்முடிவின்படி, பத்து இலட்சம் ஆண்டுகளில் சூரியனின் திசைவேகம் நொடிக்கு 7 கிலோமீட்டர் அளவு மாறுகிறது. பால்வீதியைப் பற்றிய எந்த மாதிரியையும் சாராமல், வளைந்து செல்கிறோம் என்பதே அளவீடாகிவிட்டது.

2025 ஜனவரியில் கையா கணக்கெடுப்பை நிறுத்தியது; திரட்டிய தரவின் முழுத் தொகுப்பு இனிமேல்தான் வெளிவர வேண்டும். அதில் அந்த முடுக்கத்தின் திசை இன்னும் கூர்மையாகத் தெரிந்தால், நம்மை இழுப்பது மையம் மட்டும்தானா, அருகில் கடந்துசெல்லும் பெரிய மகெல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தின் பங்கும் இருக்கிறதா என்று பிரித்தறிய முயலலாம். இருக்குமானால், பால்வீதியின் மையத்தையும் நகரும் பொருளாகவே கருதி அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டிவரும்.